30 டிகிரி வீட்டில் பீர் நொதிக்க வைப்பது: ஐஸ் பெட்டியா, பழைய ஃப்ரிட்ஜா, குவைக் ஈஸ்டா?

யீஷூன்வாசி

சிங்கப்பூர், வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீடு. சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுற இடத்தில்தான் வாளியை வைக்க முடியும். பகலில் 31 டிகிரி, விடியற்காலையில் 27 அல்லது 28. அதுக்குக் கீழே இறங்குவதே இல்லை.

சாமான்கள் எல்லாம் வீட்டில் செய்தவை. 35 லிட்டர் எவர்சில்வர் அண்டா, மால்ட்டை (முளைகட்டிய பார்லி) ஊறவைக்க வலைத்துணியில் தைத்த பை, மூடியில் துளைபோட்டு ரப்பர் வளையத்தில் ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் தண்ணீர் அடைப்பு) செருகிய 30 லிட்டர் உணவுத்தர பிளாஸ்டிக் வாளி, அதன் அடியில் ஒரு குழாய். 20 லிட்டர் பேல் ஏல், தொடக்க கிராவிட்டி (சர்க்கரை கரைந்த சாற்றின் அடர்த்தி) 1.050, யுஎஸ்-05 ஈஸ்ட் ஒரு பொட்டலம். மறுநாளே ஏர்லாக் கொதிக்குது, மூன்றாம் நாள் அடங்கிடுது. ஆனால் பீரில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை, தொண்டையில் சாராயம் மாதிரி எரிச்சல். புளிப்போ, மேலே ஏடோ இல்லை, அதனால் கிருமி இல்லைன்னு நினைக்கிறேன்.

150 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிக்கணும். தொட்டியில் ஐஸ் பாட்டில் போடுவதா, பழைய ஃப்ரிட்ஜ் வாங்குவதா, இல்லை சூட்டைத் தாங்கும் குவைக் ஈஸ்ட்டுக்கு மாறிடலாமா?

வோர்ட்_வாளி

நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறியும் சூட்டால் வருபவைதான். நகப்பூச்சு வாடை எத்தில் அசிடேட். தொண்டை எரிச்சல் ஃப்யூசல் ஆல்கஹால். ஈஸ்ட் அளவுக்கு மேல் வேகமாகப் பெருகும்போது இரண்டும் கூடும். பாட்டிலில் எத்தனை மாதம் வைத்தாலும் ஃப்யூசல் போகாது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அறை 31 என்றால் வாளிக்குள் 31 இல்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பம் வெளியாகிறது. 1.050 கிராவிட்டியில் 20 லிட்டர் என்றால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ சர்க்கரை நொதிக்கும். அந்த வெப்பம் எதுவும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் வோர்ட் (நொதிக்கப்போகும் மால்ட் சாறு) 11 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். வாளியின் சுவர் வழியாகப் பெரும்பகுதி கசிந்துவிடுவதால் உண்மையில் ஏறுவது 3 முதல் 5 டிகிரி. ஆக உங்கள் யுஎஸ்-05 வேலை செய்தது 34, 35 டிகிரியில். அதற்குச் சுகமான இடம் 18 முதல் 20.

இரண்டாவது, ஈஸ்ட் போடும்போது வோர்ட் என்ன சூட்டில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 28 டிகிரி வாக்கில் வரும். கொதித்த வோர்ட்டுக்குள் இறக்கிக் குளிரவைக்கும் செம்புச் சுருளில் அதை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் வோர்ட் 30க்குக் கீழே வராது. 30ல் ஈஸ்ட்டைப் போட்டுவிட்டு அப்புறம் குளிரவைக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது பலிக்காது. கெட்ட வாசனைகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே உருவாகிவிடுகிறது. ஐந்தாம் நாள் 18க்குக் கொண்டுவந்து பயனில்லை.

செய்யவேண்டியது: கொதிநிலையிலிருந்து 40 டிகிரி வரை குழாய்த் தண்ணீர். பிறகு சுருளின் வாயைக் குழாயிலிருந்து கழற்றி, மீன்தொட்டிக்குப் போடும் சிறிய நீர்மூழ்கிப் பம்பில் மாட்டுங்கள். பம்பு ஐஸ் தண்ணீர் உள்ள இன்னொரு வாளியில் கிடக்கட்டும், சுருளிலிருந்து வெளிவரும் தண்ணீரும் அதே வாளிக்குத் திரும்பட்டும். 20 லிட்டரை 40லிருந்து 18க்கு இறக்க ஆறு கிலோ ஐஸ் போதும். ஐஸை முதலிலிருந்தே செலவழித்தால் பாதியிலேயே தீர்ந்துபோகும்.

ஃப்ரிட்ஜ் இருந்தால் இந்தத் தொல்லைகூட வேண்டாம். 35க்கு வந்ததும் வாளியை மூடி உள்ளே வைத்து, மறுநாள் 18 ஆனபிறகு ஈஸ்ட் போடலாம். கிருமிநீக்கம் ஒழுங்காக இருந்தால் ஓர் இரவு தாமதத்தால் எதுவும் கெடாது.

சம்பந்தமில்லாத ஒரு விஷயம். இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோரமின் இருக்கிறது, கொதிக்கவைத்தால் சுலபத்தில் போகாது. மால்ட்டோடு சேர்ந்து மருந்துப் பிளாஸ்திரி வாடை தரும். 30 லிட்டருக்கு கேம்ப்டன் மாத்திரை (சல்ஃபைட் மாத்திரை) அரை, பொடித்துக் கலக்கி சில நிமிடம் விட்டால் தீர்ந்தது.

நுரைப்பெட்டி

ஐஸ் வழியைப் பற்றி நான் சொல்றேன். அதில் கணக்குப் போடாமல் இறங்கினால் மூன்றாம் நாள் வெறுத்துடும்.

தண்ணீர்த் தொட்டியில் வாளியை வைத்து, ஈரச்சட்டையைப் போர்த்தி, ஃபேன் போடுற முறை இங்கே எடுபடாது. வறண்ட ஊரில் மண்பானைத் தண்ணீர் குளிருதே, அதே தந்திரம்தான் அது. சிங்கப்பூரில் ஈரப்பதம் 80 சதவீதம் நிற்கும்போது தண்ணீர் எங்கே ஆவியாகும்? எவ்வளவு நனைத்தாலும் இரண்டு மூன்று டிகிரிதான் கிடைக்கும்.

பெட்டி கட்டணும். 50 மில்லிமீட்டர் கனத்தில் நீல நிற, அழுத்தமான ஃபோம் பலகை. வெள்ளைத் தெர்மோகோல் மணிமணியா உதிரும், தண்ணீரும் குடிக்கும், வேண்டாம். உள்ளளவு 60க்கு 60, உயரம் 80 சென்டிமீட்டர். மூட்டுகளில் ஃபோமைக் கரைக்காத பசை தடவி, மேலே அலுமினிய டேப். மூடியின் விளிம்பில் கதவுக்கு ஒட்டுற ரப்பர் பட்டை. வாளிக்குப் பக்கத்தில் 1.5 லிட்டர் பாட்டில்கள் நிற்க இடம் விடுங்க. கணினியிலிருந்து கழற்றின 12 வோல்ட் ஃபேன் ஒன்று உள்ளே சுற்றிக்கிட்டே இருக்கட்டும், இல்லாட்டி அடியில் 14, மேலே 22ன்னு நிற்கும்.

இந்த அளவுப் பெட்டிக்குள் 18, வெளியே 30 என்றால் சுவர் வழியா வர்ற வெப்பம் 21 வாட் வாக்கில். ஒரு நாளைக்கு 1.8 மெகாஜூல். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது இன்னும் அரை மெகாஜூல் சேரும். ஒரு கிலோ ஐஸ் உருகி 18 டிகிரிக்கு வர எடுத்துக்கொள்வது 0.4 மெகாஜூல்தான். கணக்குப் பண்ணுங்க, நாளுக்கு ஐந்தரை, ஆறு கிலோ ஐஸ். அதாவது காலையில் 1.5 லிட்டர் பாட்டில் இரண்டு, ராத்திரி இரண்டு.

சிக்கல் இங்கேதான். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு ஒரு நாளில் உறையவைக்கக்கூடியது மூன்று நாலு கிலோ. உள்பக்க ஒட்டியில் உறையவைக்கும் திறன்னு போட்டிருக்கும், பாருங்க. ஆறு கிலோ அதுக்கு முடியாது, பாதி உறைந்த பாட்டில்தான் கைக்கு வரும். எட்டுப் பத்து பாட்டிலை ஒரு வாரம் முன்னாடியே உறையவைத்து இருப்பு வைத்தால், முக்கியமான முதல் நாலு நாளைத் தாண்டிடலாம். பிறகு 21, 22க்கு ஏறினாலும் பரவாயில்லை. தண்ணீரில் நூறு கிராம் உப்பைப் போட்டு உறையவைத்தால் இன்னும் குளிருமேன்னு செய்யாதீங்க, அது வீட்டு ஃப்ரீசரில் முழுசா உறையாமப் போகும்.

ஃபோம், டேப், ஃபேன், பசை எல்லாம் சேர்த்து 60, 70 வெள்ளி. மலிவுதான், ஆனா ஒரு வாரம் அதோட குடும்பம் நடத்தணும்.

ரிலே230

150 வெள்ளி இருக்கிறது என்றால் ஃப்ரிட்ஜ்தான். பெட்டி கட்டும் நேரத்தில் கரோசலில் (பழைய பொருள் விற்கும் இணையத் தளம்) தேடுங்கள். வீடு மாறுகிறவர்கள் பழைய ஃப்ரிட்ஜை எடுத்துப்போக ஆள் கிடைத்தால் போதும் என்று கொடுத்துவிடுகிறார்கள்.

இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் (கம்ப்ரெஸர் வேகத்தை மின்னணுப் பலகை மாற்றும் ரகம்) வாங்க வேண்டாம். வெளியிலிருந்து மின்சாரத்தை வெட்டி வெட்டி விட்டால் அதன் மின்னணுப் பலகை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும், சில ரகம் தொடங்கவே தொடங்காது. உள்ளே திருகும் குமிழ் உள்ள பழைய ரகம் வேண்டும். அந்தக் குமிழைக் கடைசிக் குளிருக்குத் திருப்பிவிட்டு மறந்துவிடுங்கள். அடக்குவது வெளிக் கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை.

வாங்கும் முன் அளவுநாடாவோடு போங்கள். அடிப்பகுதியில் பின்பக்கம் கம்ப்ரெஸருக்காக ஒரு படி இருக்கும், அதற்கு முன்னால் வாளி நிற்குமா என்று பார்க்க வேண்டும். ஏர்லாக் சேர்த்து உயரத்தை அளக்க வேண்டும். காய்கறித் தட்டையும் கண்ணாடித் தட்டையும் எடுத்துவிட்டு வாளியைத் தரையிலேயே வையுங்கள், 22 கிலோவுக்குக் கண்ணாடி தாங்காது. கதவின் உள்பக்கத் தட்டுகள் இடித்தால் பிளாஸ்டிக்கை வெட்டலாம். ஆனால் பக்கச் சுவரில் துளை போடாதீர்கள். சுவருக்குள் குளிரூட்டும் வாயுவின் குழாய் ஓடும் ரகங்கள் உண்டு, பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன். உணரியின் கம்பி மெல்லியது, கதவு ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டாலே போதும்.

கட்டுப்பாட்டுக்கு இரண்டு வழி. செருகிப் பயன்படுத்தும் இங்க்பர்ட் ஐடிசி-308 வாங்கலாம். அல்லது எஸ்டிசி-1000 பலகையை நீங்களே பெட்டிக்குள் அமைக்கலாம், விலை பாதிக்கும் கீழே. அதில் 1, 2 மின்சாரம். 3, 4 உணரி. 5, 6 சூடேற்ற. 7, 8 குளிரவைக்க. 5 முதல் 8 வரை உள்ளவை வெறும் ரிலே முனைகள், அவற்றிலிருந்து மின்சாரம் வராது. 7க்கு லைவ் கம்பியை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், 8லிருந்து சாக்கெட்டுக்குப் போகும். எர்த் கம்பி செருகியிலிருந்து சாக்கெட்டுவரை அறுபடாமல் ஓட வேண்டும். 230 வோல்ட் விஷயம், கம்பி வேலை பழக்கமில்லை என்றால் தயவுசெய்து செருகும் ரகத்தையே வாங்கிவிடுங்கள்.

அமைப்பு: எஃப்1 (வேண்டிய வெப்பநிலை) 18.0, எஃப்2 (எத்தனை டிகிரி விலகலாம்) 0.5, எஃப்3 5 நிமிடம். எஃப்3 என்பது கம்ப்ரெஸர் நின்றபின் மறுபடி ஓடக் காத்திருக்கும் நேரம். அதைக் குறைத்தால் உள்ளே அழுத்தம் சமமாகும் முன் மோட்டார் இழுக்கும், சீக்கிரம் எரிந்துபோகும். எஃப்4 உணரியைச் சரிபார்க்க: உணரியை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் உள்ள டம்ளரில் கலக்கிப் பிடித்தால் 0.0 காட்ட வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் உணரி வைக்கும் இடம். ஃப்ரிட்ஜுக்குள் காற்றில் தொங்கவிட்டால் கருவி காற்றைத்தான் 18ல் வைத்திருக்கும், பீர் 22ல் ஓடும். வாளியின் வெளிச்சுவரில், வோர்ட்டின் பாதி உயரத்தில் டேப் ஒட்டி, அதன்மேல் உள்ளங்கை அளவு ஃபோம் துண்டை இறுக்கிக் கட்டுங்கள். நொதிக்கும்போது உள்ளே திரவம் தானே சுழல்வதால், வெளிச்சுவரின் அளவீடு உள்ளே இருப்பதற்கு அரை டிகிரி வித்தியாசத்துக்குள்தான் நிற்கும்.

யுஎஸ்-05க்கு நான் சொல்லும் ஓட்டம்: 17ல் ஈஸ்ட். மூன்று நான்கு நாள் 18. கிராவிட்டி 1.020 வாக்கில் வந்ததும் 21க்கு ஏற்றி நான்கு நாள், வெண்ணெய் வாடை போக. பிறகு 2 டிகிரியில் இரண்டு நாள், தெளிய. இப்படிக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி ஏர்லாக் தண்ணீரை வாளிக்குள் இழுத்துவிடும். அதற்குமுன் ஏர்லாக்கைக் கழற்றித் துளையை அடைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று வைக்காவிட்டால் இரண்டே வாரத்தில் ரப்பரில் பூசணம்.

குவைக்தாசன்

எல்லாரும் குளிரவைக்கிறதிலேயே நிக்கிறீங்க. நார்வேக்காரர்கள் பண்ணைவீட்டு ஈஸ்ட்டை 40 டிகிரியில் போட்டு வந்திருக்காங்க. அந்த வகையில் லால்ப்ரூ வோஸ் உலர் ஈஸ்ட் கடையில் கிடைக்குது, அதுக்குப் பிடித்த வெப்பநிலை 35 முதல் 40. இங்கே அதுக்கு ஃப்ரிட்ஜ் இல்லை, போர்வைதான் வேணும்.

20 லிட்டருக்கு 11 கிராம் பொட்டலம் ஒன்று. வோர்ட் 35ல் இருக்கும்போதே போட்டு, வாளியைக் கனமான போர்வையில் சுற்றிடுங்க. இரண்டு மூன்று நாளில் முடிஞ்சிடும். குவைக்குக்குச் சத்து நிறைய வேணும். கிராவிட்டி 1.050க்குக் கீழே என்றால் ஈஸ்ட் சத்து கட்டாயம். கிடைக்கலையா, ரொட்டி ஈஸ்ட் 10 கிராமைக் கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்க, அது செத்து மற்றதுக்குச் சாப்பாடாகும். சத்து குறைஞ்சா பாதியில் நிற்கும், இல்லாட்டி லேசான புளிப்பு வரும்.

வோர்ட்_வாளி

குவைக்தாசன் சொல்வது சரி, ஆனால் அது எல்லா பீருக்கும் விடையில்லை. வோஸில் ஆரஞ்சுத் தோல் மணம் வரும். ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலான ஏலுக்கு அது அழகு. சுத்தமான பேல் ஏலோ, ஸ்டவுட்டோ, லாகரோ வேண்டுமென்றால் ஒத்துவராது. சூட்டைத் தாங்கும் இன்னொன்று பெல் செய்சான், 35 வரை போகும். ஆனால் அது மற்ற ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரினையும் (மாவுச்சத்திலிருந்து வரும் நீண்ட சர்க்கரை) தின்னும் ரகம். வாளிக் குழாயின் இடுக்கில் கொஞ்சம் ஒட்டியிருந்தால்கூட அடுத்த பீர் பாட்டிலுக்குள் மறுபடி நொதித்துப் பாட்டில் வெடிக்கும். அதற்கெனத் தனிக் குழாய், தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: இந்த மாதம் குவைக், கூடவே ஃப்ரிட்ஜ் தேடல். ஐஸ் பெட்டியில் பணம் போட வேண்டாம்.

யீஷூன்வாசி

எல்லாருக்கும் நன்றி. குவைக்கில் தொடங்கிட்டு ஃப்ரிட்ஜ் பார்க்கிறேன். 35 டிகிரியில் நொதித்த பீருக்குப் பாட்டிலில் போடும் சர்க்கரை மாறுமா? இவ்வளவு நாள் 20 லிட்டருக்கு 120 கிராம் போட்டேன், வாயு குறைவாகவே இருந்தது. இன்னொன்று, மாதம் எவ்வளவு வரை காய்ச்சலாம்?

ரிலே230

மாறும். நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும், சூடு கூடக்கூட அது குறையும். 20 டிகிரியில் முடிந்ததற்கு 120 கிராம் சரி. 30க்கு மேல் முடிந்ததற்கு 135 முதல் 140 கிராம் வெள்ளைச் சர்க்கரை. இதில் கவனிக்க வேண்டியது, பிறகு ஃப்ரிட்ஜில் தெளியவைத்தாலும் கணக்கில் எடுப்பது நொதித்து முடிந்த சூட்டைத்தான், 2 டிகிரியை அல்ல.

பாட்டிலில் அடைக்கும் முன் கிராவிட்டி இரண்டு நாள் இடைவெளியில் ஒரே அளவு காட்ட வேண்டும். ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. 30ல் அளந்தால் 0.0025 கூட்டிக்கொள்ளுங்கள். பாட்டில்கள் அறை வெப்பத்தில் ஒரு வாரம் இருந்தால் வாயு ஏறிவிடும், அப்புறம் குளிரில் வையுங்கள். 30 டிகிரியில் மாதக்கணக்கில் நின்றால் ஈரமான அட்டை வாடை வரும்.

அளவு: ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர், 18 வயது நிறைந்தவர், சொந்தக் குடிப்புக்கு மட்டும், விற்கக் கூடாது, சாராயம் வடிக்கவே கூடாது. தமிழ்நாட்டிலிருந்து இந்த இழையைப் படிக்கிறவர்களுக்கு: அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம், அளவு எவ்வளவாக இருந்தாலும்.