வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்யும் வித்தைகள்: மறக்க முடியாத ஒரு நிகழ்வு

தண்டையார்பேட்டை வாசகர்

கண்ணாடி டம்ளருக்கு அடியில் வைத்த நாணயம் தண்ணீர் ஊற்றியதும் மறைந்துபோகும் வித்தை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் முதலில் கற்றதும் அதையே. சென்ற மே மாதம் ராயபுரத்தில் அக்கா வீட்டில் உறவினர்கள் கூடியிருந்தபோது, அவளுடைய ஏழு வயது மகளைச் சாப்பாட்டு மேசை முன்னால் உட்காரவைத்து அதைச் செய்து காட்டினேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரை ஊற்றி, டம்ளரின் வாயைச் சாசரால் மூடி, சிறிது நேரம் கதை பேசிவிட்டு, "காசு எங்கே போச்சு, சொல்லு?" என்று கேட்டேன். பெரியவர்கள் எல்லோரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். டம்ளரின் உயரத்துக்குக் கண் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "காணோம் மாமா" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். டம்ளரை எடுக்கக் குனிந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: நாணயம் சிங்க முகத்தோடு பளிச்சென்று அங்கேயே கிடந்தது. வித்தை ஏன் பலிக்கவில்லை என்பதைவிட, அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் சொன்னாள் என்பதே இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

வியாசர்பாடி வாசகர்

குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதுதான் பிழை. அந்த வித்தை முழுவதும் நாணயத்துக்கும் டம்ளரின் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய காற்றை நம்பியே நடக்கிறது. நாணயத்திலிருந்து புறப்படும் ஒளி அந்தக் காற்றைக் கடந்து கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் நுழையும்போது வளைந்து, பக்கச் சுவரின் வழியே வெளியே வர முடியாமல் உள்ளுக்குள்ளேயே எதிரொளித்து மேலே போய்விடுகிறது. அதனால்தான் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நாணயம் தெரிவதில்லை. மேலிருந்து பார்த்தால் தெரியும் என்பதால்தான் சாசரால் மூடுகிறோம். நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் உள்ள டம்ளருக்கு இரண்டு நிமிடத்தில் வியர்த்துவிடும். அந்த ஈரம் வழிந்து நாணயத்துக்கு மேலே பரவினால் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். நாணயமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

குழந்தைகளுக்குக் காட்டுவதென்றால் மிளகுத்தூள் வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவி, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலை நடுவில் வைத்தால், தூள் முழுவதும் ஓரத்துக்கு ஓடும். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதுதான் காரணம். தட்டில் முன்பு விளக்கிய சோப்பு சிறிதளவு ஒட்டியிருந்தாலும் பலிக்காது என்பதால், இரண்டு முறை அலசுங்கள். ஒரு தட்டில் ஒரு முறைதான் செய்ய முடியும். மறுபடி கேட்டால் தண்ணீரை மாற்ற வேண்டும். என் அனுபவம் இவ்வளவுதான்: பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டபோது அதே தண்ணீரில் விரலை வைத்து, ஒன்றும் நடக்காமல் நின்றேன்.

காசிமேடு வாசகி

மேலே எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் எழுதியவர் கேட்டது தண்ணீரைப் பற்றியதன்று, அந்தக் குழந்தையின் பார்வையைப் பற்றியது. எனக்கும் அப்படி ஒரு பார்வை நினைவில் இருக்கிறது.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்து, வீட்டில் செய்வினை இருக்கிறது என்று சொல்லி, என் அம்மாவின் உள்ளங்கையில் மஞ்சளைப் பூசி, தாம் கொண்டுவந்த தண்ணீரில் கையை முக்கச் சொன்னார். கை மணிக்கட்டுவரை இரத்தம் போலச் சிவந்தது. அம்மா நடுங்கிப்போய்க் காலில் கிடந்த வெள்ளிக் கொலுசைக் கழற்றிக் கொடுத்தார். பின்னாளில் எங்கள் பள்ளிக்கு வந்த அறிவியல் இயக்கத்தினர் 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சியில் அதையே செய்து காட்டினார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீர் பார்வைக்கு வெறும் தண்ணீர் போலவே இருக்கும். மஞ்சள் பட்டதும் சிவந்துவிடும்.

எனக்கு ஆறாதது கொலுசு போனதன்று. எங்கள் தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் ஆரத்தி கரைப்பது என் அம்மாதான். தட்டில் தண்ணீர் விட்டு, மஞ்சளைக் கரைத்து, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை ஒரு விரலில் எடுத்துக் கலக்கி, நிறம் போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். தம் கையாலேயே நூறு முறை செய்த அதே சிவப்பைக் கண்டுதான் அன்று அவர் பயந்தார். பள்ளியில் பார்த்ததை வீட்டுக்கு வந்து சொன்னபோது, அம்மா தம் வலது உள்ளங்கையைத் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

யானைகவுனி வாசகர்

இரகசியங்களை இப்படிப் பொதுவில் உடைத்து எழுதுவது எனக்கு முன்பெல்லாம் பிடிக்காது. ஆனால் காசிமேட்டுச் சகோதரி எழுதியதைப் படித்த பிறகு, ஏமாற்றிப் பிழைப்பவரின் இரகசியத்தைக் காப்பாற்ற வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். விளையாட்டுக்காகச் செய்யும் வித்தை வேறு. அதையும் இதையும் ஒன்றாக வைக்க வேண்டாம்.

சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோவதற்கு முன், அங்கே அப்பாவோடு நின்று செப்படி வித்தை பார்த்திருக்கிறேன். மூன்று கிண்ணங்களும் சில துணிப் பந்துகளும்தான் வித்தைக்காரரிடம் இருந்தன. நான் சிறுவன், கூட்டத்தின் கால்களுக்கு இடையே உட்கார்ந்திருந்ததால், கிண்ணத்தைக் கவிழ்க்கும்போது பந்து அவருடைய சுண்டுவிரல் மடிப்பில் நழுவிப்போனதைக் கண்டுவிட்டேன். நான் கண்டதை அவரும் கண்டுகொண்டார். பேச்சை நிறுத்தாமலே என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். வீடு வந்து சேரும்வரை அப்பா வியந்து வியந்து பேசினார். நான் அதைச் சொல்லவே இல்லை. ராயபுரத்துப் பிள்ளையும் உங்கள் மீதுள்ள அன்பினால்தான் சொல்லாமல் இருந்திருப்பாள்.

தண்டையார்பேட்டை வாசகர்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று அக்கா வீட்டுக்குப் போய், அன்று காசு தெரிந்ததா என்று அவள் மகளிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "தெரிஞ்சுது மாமா. அவ்ளோ பேர் இருந்தாங்கல்ல" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். பிறகு அவளைக் கூப்பிட்டு, காற்று எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுத்தேன். டம்ளரின் அடியையும் நாணயத்தையும் தன் பாவாடை ஓரத்தால் இரண்டு முறை துடைத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி, சாசரால் மூடிவிட்டு, "நீங்க கீழ உக்காந்து பாருங்க மாமா" என்றாள். மேசையின் விளிம்பில் முகவாயை வைத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது.