மாமாட கால் நகத்தில பங்கசு, வீட்டில பரவாம என்ன செய்யலாம்?

களுவாஞ்சிக்குடி மருமகள்:
மாமாக்கு 68 வயது, சீனி வருத்தமும் இரிக்கு. வேளாண்மை செய்து சேத்துக்குள்ளயே நிண்ட கால். ரெண்டு பெருவிரல் நகமும் மஞ்சளாகித் தடிச்சு, வெட்டக்குள்ள மா மாதிரி உதிருது. கிளினிக்கில பங்கசு எண்டாங்க, நகத்துண்டும் சோதிக்க எடுத்தாங்க. அவருக்குக் குனிய ஏலாது, நான்தான் வெட்டிவிடுறன். வீட்டில ஒரே நகவெட்டி. போன கிழமை அதாலதான் மகனுக்கும் வெட்டிப்போட்டன். அதிலிருந்து எனக்கு நித்திரை இல்ல.

கல்லடி அக்கா:
பயப்படாதீங்க தங்கச்சி. சின்னப் பிள்ளையள்ட நகம் கெதியா வளரும், அதில பங்கசு பிடிக்கிறது குறைவு. ஆனா இண்டைக்கே மாமாக்கு வேற நகவெட்டி வாங்குங்க. நான் அம்மம்மாவ ஆறு வருசம் பார்த்தனான், அவட நகவெட்டியில சிவப்பு நூல் கட்டி வைச்சிருந்தன்.

வெட்ட முந்தி 10 நிமிசம் காலை இளஞ்சூட்டுத் தண்ணியில ஊற விடுங்க. சீனி வருத்தக்காரருக்குச் சூடு தெரியாமப் போகும், முதல்ல உங்கட முழங்கைய வைச்சுப் பாருங்க. ஊறின நகம் தூளாப் பறக்காது. கீழ பேப்பர் விரிச்சு, கையுறை போட்டு, நேரா வெட்டுங்க. மூலையத் தோண்டிக் காயப்படுத்திராதீங்க. பேப்பரை அப்பிடியே மடிச்சுக் குப்பையில போடுங்க. நகவெட்டியச் சவர்க்காரத்தால கழுவி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால துடைச்சுக் காய வைங்க.

நான் பிழை விட்டது கால்மிதியில. குளியலறை வாசல்ல கிடந்த சாக்கில ரெண்டு பேரும் ஈரக்காலோட ஏறி இறங்கினம். எனக்கு விரலிடுக்கில தோல் வெளுத்து உரிஞ்சு கடிச்சது அதாலதான் எண்டு நினைக்கிறன். பிறகு ஆளுக்கொரு பழைய சாரத்துண்டு, கொதிதண்ணியில ஊறவிட்டுத் தோய்ச்சு வெயில்ல போடுவன். துவாயும் செருப்பும் வேறவேற. மாமாட விரலிடுக்கையும் பாருங்க, அங்க சேத்துப்புண் இருந்தா அதுக்கும் மருந்து போடவேணும். இல்லாட்டி நகத்துக்குத் திரும்ப வரும்.

ஏறாவூர் பார்மசிக்காரர்:
சகோதரி, கால் நகம் மாசத்துக்கு ஒண்டரை மில்லிமீற்றர் அளவுதான் வளரும். பெருவிரல் நகம் முழுசா மாற 12 முதல் 18 மாசம் போகும், டொக்டர் சொன்ன காலம் முடிய முந்தி மருந்தை விட்டிராதீங்க. பங்கசுக்குக் குடிக்கிற டெர்பினாபின் குளிசை தந்தா, ஈரல் வருத்தம் ஏதும் இரிக்கா, வேற என்ன குளிசை குடிக்கார் எண்டு டொக்டர்ட்ட சொல்லுங்க. ஸ்டீரொய்ட் கலந்த பூச்சைக் கேட்டு வாங்கிப் பூசவேணாம். கடி நிண்ட மாதிரித் தெரியும், பங்கசு கூடும்.

களுவாஞ்சிக்குடி மருமகள்:
நகவெட்டி வாங்கிட்டன், எங்கட வீட்டிலயும் கால்மிதியாக் கிடந்த சாக்கை எரிச்சாச்சு. மாமா கேக்கார், வெறுங்காலோட வயலுக்கு இறங்கலாமோ எண்டு.

கல்லடி அக்கா:
சீனி வருத்தக்காரர் வெறுங்காலோட இறங்கக்கூடாது. நகத்தடியில வெடிப்பு, காயம் இருந்தா வயலுக்கே இறங்கவேணாம். மற்றப்படி வந்த உடன கழுவி, விரலிடுக்கெல்லாம் ஈரம் ஒத்தி எடுங்க. அந்த வேலைய அவர்ட்ட விடாதீங்க, குனிய ஏலாத மனிசன்.