ரீல்ஸ் போட்டாச்சு, வேலை நடக்கல: கிராம சபை, வார்டு தேர்தல் பற்றி விவரம் வேணும்

கருவேலங்காடு:
எங்க ஊராட்சியில 17லிருந்து 22 வயசு வரைக்கும் பன்னிரண்டு பேர் சேர்ந்து தண்ணி, தெருவிளக்கு பத்தி ரீல்ஸ் போடுறோம். ஊரே பார்க்குது, வால்வு மட்டும் மாறல. ரெண்டு கேள்வி. கிராம சபையில இதைத் தீர்மானமா கொண்டுவர்றது எப்படி? எங்கள்ல ஒருத்தர் வார்டு உறுப்பினருக்கு நின்னா தகுதி, செலவு என்ன, கட்சியில சேரணுமா?

பதிவேடு31:
தம்பி, வீடியோவை எத்தனை ஆயிரம் பேர் பார்த்தாலும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல அதுக்கு ஒரு ஃபைல் கிடையாது. தீர்மானப் புத்தகத்துல ஏறினாத்தான் கணக்கு.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: வருஷத்துல ஆறு கிராம சபை. வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும் அதுல உறுப்பினர். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

முதல்ல கோரம், அதாவது குறைஞ்சபட்சம் வரவேண்டிய ஆள் எண்ணிக்கை. மக்கள்தொகை 500 வரைன்னா 50 பேர், 3,000 வரைன்னா 100, 10,000 வரைன்னா 200, அதுக்கு மேலன்னா 300. ஆள் குறைஞ்சா கூட்டம் செல்லாது. அதனால வீடியோ எடுக்கிற உழைப்புல பாதியைப் பெரியவங்களையும் மகளிர் குழு அக்காக்களையும் கூட்டிட்டு வர்றதுல போடுங்க. வருகைப் பதிவேட்டுல நூறு கையெழுத்து இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க, நேர்ல தலையை எண்ணுங்க.

அடுத்தது வாசகம். பெரும்பாலும் கோட்டை விடுறது இங்கதான். "குடிநீர்ப் பிரச்சினையைச் சரிசெய்யக் கோரப்படுகிறது"ன்னு எழுதினா அது ஆசை, தீர்மானம் இல்ல. இப்படி எழுதுங்க: "3ஆவது வார்டு, கிழக்குத் தெருவில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து வரும் குழாயின் கடைசி 14 வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. தெருமுனையில் உள்ள பழுதான கேட் வால்வை மாற்றி, ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து 30 நாட்களுக்குள் வேலையை முடிக்க இச்சபை தீர்மானிக்கிறது." இடம், எண்ணிக்கை, எந்த நிதி, எத்தனை நாள். நாலும் இருக்கணும். ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போங்க. ஒண்ணைக் கூட்டத்துக்கு முன்னாடியே ஊராட்சிச் செயலர்கிட்ட கொடுத்து, இன்னொண்ணுல தேதியோட கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க.

தீர்மானத்தை எழுதி முடிச்சு வாசிச்ச பிறகு கையெழுத்துப் போடுங்க. எழுதாத பக்கத்துல போட்டா, அப்புறம் மேல என்ன எழுதினாலும் நீங்க ஒப்புக்கிட்ட மாதிரிதான். நகல் தர இழுத்தடிச்சா தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். முப்பது நாள்ல பதில் வரணும், வரலைன்னா முதல் மேல்முறையீடு.

வெள்ளைச்சீட்டு:
தேர்தல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வேட்புமனு கொடுக்கும் நாளிலேயே நிறைந்திருப்பது பாதுகாப்பு. கல்லூரியில் படிப்பது தடையே இல்லை. 2019 தேர்தலில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஊராட்சித் தலைவராகவே ஜெயித்தார்.

கட்சி தேவையில்லை. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டுமே கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் கட்சி. 2019 கணக்குப்படி வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100. தலைவருக்கு 600, 300. செலவு வரம்பு வார்டுக்கு 9,000, தலைவருக்கு 34,000. அடுத்த அறிவிப்பில் மாறலாம், அன்றைக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் சொல்வதைப் பாருங்கள்.

மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். வேட்பாளர் அதே ஊராட்சியின் எந்த வார்டிலும் வாக்காளராக இருக்கலாம், ஆனால் முன்மொழிபவர் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். பக்கத்து வார்டு நண்பனைக் கையெழுத்துப் போட வைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பாகம் எண், வரிசை எண்ணைப் பழைய வாக்காளர் பட்டியலைப் பார்த்து நிரப்பாதீர்கள். ஊராட்சிக்கு வரி பாக்கி இருந்தால் கட்டி ரசீதைக் கையில் வையுங்கள். ஊராட்சியோடு ஒப்பந்த வேலை நடப்பில் இருந்தாலும் தகுதி போகும். எல்லாவற்றுக்கும் முன் வார்டு ஒதுக்கீட்டைப் பாருங்கள்: பெண்களுக்குப் பாதி இடம். உங்கள் குழுவில் பெண்கள் இல்லை என்றால் பாதி வார்டுகளில் நீங்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பிரச்சாரத்தில் சொல்லித்தர வேண்டிய ஒன்று: ஊரகத் தேர்தலில் மெஷின் கிடையாது, காகிதச் சீட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், உங்களுடையது பொதுவாக வெள்ளை. நாலு சீட்டை ஒன்றாகக் கையில் வாங்கித் தடுமாறுபவர்கள் நிறைய. சின்னத்தோடு சீட்டின் நிறத்தையும் சொல்லுங்கள். சில நூறு ஓட்டு வார்டில் பத்துச் செல்லாத ஓட்டு ஆளையே மாற்றிவிடும்.

கிணத்துமேடு:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஒரு ஆளை மட்டும் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், துணைத் தலைவர் வார்டு உறுப்பினர்களில் ஒருவர். ஒன்பது வார்டில் மூன்று பேர் உள்ளே போனால் அந்தத் துணைத் தலைவர் நாற்காலிக்கு உங்களைக் கேட்காமல் முடிவு வராது. ஒருவர் மட்டும் போனால் தேநீர் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, "போட்டி எதுக்குப்பா, ஊர்க்கூட்டத்துல பேசி ஒருத்தரையே விட்டுடலாம், அவர் கோயிலுக்கு இவ்வளவு தர்றார்" என்று வருவார்கள். அது ஏலம், சட்டப்படி குற்றம். 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் போட்டியே இல்லாமல் வந்தவர்கள் 18,000க்கும் மேல். எல்லாமே ஏலம் என்று சொல்லவில்லை, பல வார்டுகளில் நிற்க ஆளே வரவில்லை. அந்த இடம்தான் உங்களுக்கு.

வெள்ளைச்சீட்டு:
ஒரு சேர்க்கை. தோற்றாலும் முடிவு வந்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். 800 ரூபாய் செலவு என்றாலும் நோட்டீஸ் அச்சடித்த பில்லோடு கொடுங்கள். கொடுக்காமல் விட்டால் மூன்று வருடம் போட்டியிட முடியாமல் போகலாம். இளைஞர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

கருவேலங்காடு:
ரொம்ப நன்றி. எங்கள்ல ரெண்டு பேருக்கு ஓட்டு சென்னையில இருக்கு, ஒரு பொண்ணுக்கு 17 முடிஞ்சிருச்சு. அவங்க?

பதிவேடு31:
சென்னைக்காரங்க நிஜமா ஊர்லயே குடியிருந்தா படிவம் 8 போட்டு மாத்திக்கலாம். அந்தப் பொண்ணு புதுசா பேர் சேர்க்கிற படிவம் 6-ஐ இப்பவே கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1ன்னு நாலு தகுதித் தேதி இருக்கு, 18 ஆனதும் வர்ற தேதிக்குப் பேர் ஏறும். தேர்தல் அறிவிப்பு வரட்டும்னு உட்காராதீங்க. ஊராட்சிப் பட்டியலை சட்டமன்றப் பட்டியலை வச்சுத்தான் வார்டு வாரியா பிரிக்கிறாங்க, அங்க பேர் இல்லைன்னா இங்கயும் இருக்காது. வரைவுப் பட்டியல் ஒட்டினதும் உங்க தெரு சரியான வார்டுல இருக்கான்னு வீடு வீடா ஒத்துப் பாருங்க.