ஒரே செடான் கார் வசதிக்கும் விலைக்கும் ஏத்த மாதிரி பல வேரியன்ட்ல வருது. நீங்க எந்த வேரியன்ட் எடுத்தீங்க? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தண்டையார்பேட்டைக்காரன்:

மாருதி டிசையர்தான்னு வீட்ல முடிவாயிடுச்சு. வி.எக்ஸ்.ஐ வேரியன்ட்டா, அதுக்கு ஒரு படி மேல இருக்கிற இசட்.எக்ஸ்.ஐ-யா, அதுல மூணு வாரம் போச்சு. கடைசியா வி.எக்ஸ்.ஐ. பின் சீட்டுக்கு ஏ.சி. வென்ட் இருக்கு, டச் ஸ்கிரீன் இருக்கு, 2024 நவம்பர்ல வந்த புது மாடல்ல ஆறு ஏர்பேக் கீழ் வேரியன்ட்லயே இருக்கு. அப்புறம் எதுக்கு மேல போகணும்னு நினைச்சேன்.

எங்க தெரு எப்படின்னு இங்க பாதிப்பேருக்குத் தெரியும். ஒரு பக்கம் பைக் வரிசை, இன்னொரு பக்கம் அடிபம்பு. வண்டி வந்த நாலாம் நாள், விடியக்காலை அஞ்சரை மணி, ரிவர்ஸ் எடுக்கிறேன். சென்சார் கத்துது. எங்க தெருவுல அது எப்பவுமே கத்தும். சுவருக்கும் கத்தும், பைக்குக்கும் கத்தும். நாலே நாள்ல காதுக்குப் பழகிப் போச்சு. டப்புனு ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தா எதிர்வீட்டு அக்கா வரிசையா வச்சிருந்த குடத்துல ரெண்டு நசுங்கிக் கிடக்கு, தண்ணி என் செருப்பு வரைக்கும் ஓடி வருது. மூணாவது குடத்துக்குப் பக்கத்துல அவங்க பேத்தி குத்த வச்சு உக்காந்திருக்கு. ரெண்டு வயசு இருக்கும். அழலை. என்னையே பார்த்துட்டு இருந்துச்சு.

அன்னைக்கே குடம் வாங்கிக் குடுத்துட்டேன். ரெண்டு மாசமாச்சு, அந்தப் பார்வை மட்டும் போக மாட்டேங்குது. இசட்.எக்ஸ்.ஐ-ல ரிவர்ஸ் கேமரா வருது. நான்தான் வேணாம்னேன்.

திருவொற்றியூர் வாசி:

படிக்கும்போதே பகீர்னு இருந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும்.

என் கதை டாப் வேரியன்ட் பக்கம். ஒரு படி கீழே உள்ளது ஷோரூம் விலை 9.90 லட்சம், டாப் 10.30 லட்சம். 40,000தானே, மாதத் தவணையில் தெரியவே தெரியாது என்றார் விற்பனை செய்த தம்பி. நானும் தலையாட்டிவிட்டேன். அப்பா ஹார்பரில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வரியெல்லாம் சேர்த்த ஆன்ரோடு விலை கொட்டேஷன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரி என்ற இடத்தில் விரலை வைத்தார். "இது ஏன் இப்படித் தாவுது?"

2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வாகன வரி மாறியது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டின தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். 9.90-க்கு வரி 1,28,700 ரூபாய். 10.30-க்கு 1,85,400. கார் விலையில் 40,000 வித்தியாசம், வரியில் மட்டும் 56,700. அப்பா விரலை எடுக்கவே இல்லை. அந்தத் தம்பிக்கும் பதில் தெரியவில்லை, உள்ளே போய் யாரையோ கேட்டு வந்தார். கீழ் வேரியன்ட்டையே எடுத்தோம்.

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆகிவிட்டதால், அப்போது 10 லட்சத்துக்கு மேலே நின்ற சில டாப் வேரியன்ட்கள் கீழே இறங்கியிருக்கின்றன. எடுக்கப் போகிறவர்கள் பழைய விலையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

மணலி ஓட்டுநர்:

முதலில் எழுதியவருக்கு: கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் வேரியன்ட்டைக் குறை சொல்ல முடியாது. பதினாறு வருடமாக ஓட்டுகிறேன். எங்கள் பக்கம் லாரிப் புழுதியில் கேமரா லென்ஸ் இரண்டே நாளில் மங்கிவிடும், மழையில் ஒன்றும் தெரியாது. வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றி வந்து பார்ப்பதுதான் வழி. நான் எடுத்தபோது டெஸ்ட் டிரைவுக்கு டாப் மாடலைக் கொடுத்து, பேச்சை முடித்தது வேறு மாடலில். டெலிவரி அன்று ஸ்டீயரிங்கில் பட்டனைத் தேடினேன், இல்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. வெளியே மாட்ட முடிந்தது, முடியாதது என்று பிரித்துப் பாருங்கள். டச் ஸ்கிரீன், கேமரா, சீட் கவர், அலாய் வீல் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை கார் சாமான் கடைகளில் ஒரே மதியத்தில் மாட்டிவிடுவார்கள். ஏர்பேக்கை யாராலும் பிறகு மாட்ட முடியாது. வண்டி சறுக்கும்போது பிடித்து நிறுத்தும் ஈ.எஸ்.சி., சீட் உயர அட்ஜஸ்ட்மென்ட், பின் சீட் ஹெட்ரெஸ்ட் இதெல்லாமும் அப்படித்தான். பழைய கார் பார்ப்பவர்கள் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். 2019 ஜூலை 1-க்குப் பிறகுதான் டிரைவர் ஏர்பேக்கும் பின்பக்க சென்சாரும் எல்லா வேரியன்ட்டுக்கும் கட்டாயம் ஆனது. அதற்கு முந்தைய கீழ் வேரியன்ட் என்றால் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள். வெளியே எதை மாட்டினாலும் ஒயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள், செருகி இணைக்கும் கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். ஒயரை வெட்டினால் வாரன்டியில் பிரச்சினை வரும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் தினமும் போகிறவர்கள் அலாய் வீலுக்கு ஆசைப்படாதீர்கள். பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீல் ரிம்மைத் தட்டி நேராக்கிக்கொள்ளலாம், அலாய் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். டயர் அளவும் மாறலாம், விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். புக் பண்ணும் ரசீதில் வேரியன்ட் பெயரை முழுசாக எழுதி வாங்குங்கள்.

வியாசர்பாடி அம்மா:

மணலி சார், சுத்தி வந்து பார்த்துட்டு ஏறி உக்காந்து சாவி போடுறதுக்குள்ள குழந்தை ஓடி வந்துடும். பயந்துபோய் எழுதியிருக்கிற மனுஷன்கிட்ட தப்பு உன்மேலன்னு சொல்லணுமா?

ஆனா சீட் உயரம்னு ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, அதுதான் என் கதை. நான் அஞ்சடிக்கும் கம்மி. வீட்டுக்காரர் போய் கீழ் வேரியன்ட் புக் பண்ணிட்டு வந்தார். அவர் ஓட்டிப் பார்த்தார், நான் ஓட்டிப் பார்க்கல. முதல் தடவை தனியா கணேசபுரம் சுரங்கப்பாதையில இறங்கி மேல ஏறுறேன். ஏத்தத்துல பானெட்டும் வானமும்தான் தெரியுது. ரோடு தெரியல. முன்னாடி ஒரு மீன்பாடி வண்டி (சரக்கு ஏத்துற மூணு சக்கர வண்டி) நின்னுட்டு இருந்ததை, அந்த வண்டிக்காரர் கையை ஆட்டினப்பதான் பார்த்தேன். ஒரு முழம் இருந்திருந்தா ஜாஸ்தி.

இப்ப குஷன் போட்டுக்கறேன். அது பிரேக் அடிச்சா வழுக்குது. எட்டலைன்னு சீட்டை முன்னாடி இழுத்தா ஸ்டீயரிங் நெஞ்சுகிட்ட வந்துடுது. நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 சென்டிமீட்டராவது இருக்கணும், இல்லன்னா ஏர்பேக் விரியறப்பவே அடிபடும். ஆறு ஏர்பேக் இருந்து என்ன? யார் ஓட்டப் போறாங்களோ அவங்களைக் கூட்டிட்டுப் போய், புக் பண்ணப் போற அதே வேரியன்ட்ல உக்கார வைங்க.

எர்ணாவூர் தம்பி:

நான் சி.என்.ஜி., அதாவது கேஸ்ல ஓடுற வண்டி எடுத்தேன். பெரும்பாலும் டாப் வேரியன்ட்ல சி.என்.ஜி. தர மாட்டாங்க, நடுவுல இருக்கிறதுலதான். டெய்லி அம்பத்தூர் போயிட்டு வர்றேன், செலவு பாதியா குறைஞ்சது, அதுல குறை சொல்ல மாட்டேன்.

போன மாசம் பாட்டியை ஸ்டான்லி ஆஸ்பத்திரில இருந்து டிஸ்சார்ஜ் பண்ணினோம். புது வீல்சேர் வாங்கி வச்சிருந்தோம். டிக்கியைத் திறந்தா சிலிண்டர். மடிச்சுப் பார்த்தேன், சாய்ச்சுப் பார்த்தேன், மூட முடியல. கேட்ல பின்னாடி ஆம்புலன்ஸ் ஹாரன் அடிக்குது. பாட்டி முன் சீட்ல உக்காந்துக்கிட்டு "விட்டுட்டு வாடா, நான் நடந்துப்பேன்"னு சொல்லுது. அதுக்கு நடக்க முடியாது. கடைசில வீல்சேரை ஷேர் ஆட்டோல தம்பி மடியில வச்சு எடுத்துட்டு வந்தான்.

டாடா டிகோர் சி.என்.ஜி.-ல 2023-ல இருந்து ரெண்டு சின்ன சிலிண்டரா பிரிச்சு டிக்கி தரைக்கு அடியில வச்சிருக்காங்க. எடுக்கறதுக்கு முன்னாடி அதையும் போய்ப் பார்த்திருக்கணும்.

தண்டையார்பேட்டைக்காரன்:

மணலி அண்ணே, நீங்க சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல. இப்ப சுத்தி வந்து பார்த்துட்டுத்தான் எடுக்கிறேன். வியாசர்பாடி அக்கா, நன்றி.

ஞாயித்துக்கிழமை பேட்டர்ஸ் ரோடு போறேன். கேமராவை கப்ளர் போட்டே மாட்டச் சொல்றேன். அந்தக் குழந்தை இப்ப என் வண்டியைப் பார்த்தா டாட்டா காட்டுது. நான் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, அவங்க பாட்டி வந்து தூக்கற வரைக்கும் நிக்கிறேன்.