உடம்புச் சூட்டில் இதயக் கருவி: கடலூர் வெயிலுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

குழுவில் இருக்கும் அண்ணன், அக்காக்களுக்கு வணக்கம். நான் கடலூர் முதுநகர். அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், ஆனால் துடிப்பைப் பார்க்கக் கையில் கட்டிய கருவிக்குச் சார்ஜ் போட மறந்துவிடுகிறார். ராத்திரியெல்லாம் கடலில் இருப்பவர், என்ன செய்வார்? 2011 தானே புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் வேறு. அந்தக் கருவி உடம்புச் சூட்டிலேயே ஓடினால் எவ்வளவு நிம்மதி!

12706 பெல்டியர் தகடு ஒன்றை, சூட்டைக் காற்றில் விடும் ஹீட்சிங்கோடு மணிக்கட்டில் கட்டிப் பார்த்தேன். தகட்டின் இரு பக்கமும் சூடு வேறுபட்டால்தான் மின்சாரம் வரும். ஏசி அறையில் 35 மில்லிவோல்ட் வந்தது. சின்ன வோல்ட்டேஜைக் கூட்டித் தரும் எல்டிசி 3108 சிப்புக்கு 20 மில்லிவோல்ட்டே போதும் என்பதால் மின்சாரத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர் மெல்ல ஏறியது. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வாசலுக்கு வந்ததும் எல்லாம் போச்சு. தோல் 33 டிகிரி, அக்னி நட்சத்திரக் காற்று 37. வெளிப்பக்கம் அதிகச் சூடாகி பிளஸ், மைனஸ் இடம் மாறிவிடுகிறது.

பிளஸ், மைனஸ் எப்படி மாறி வந்தாலும் ஏற்கும் எல்டிசி 3109 சிப்பை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? மண்பானை குளிர்வது போல, ஹீட்சிங்கில் ஈரத்துணி சுற்றினால் உதவுமா? நம் கடற்கரை ஈரக்காற்றில் துணி சீக்கிரம் காயாதே என்பதுதான் என் பயம். அப்புறம், ஈசிஜிக்கு வைத்திருக்கும் ஏடி 8232 சிப் தனியாகவே 170 மைக்ரோஆம்ப் இழுக்கும். சேமித்து, அரை மணிக்கு ஒருமுறை மட்டும் ஓட்டலாமா? அப்படி ஓட்டினால் இடையில் வரும் துடிப்புக் கோளாறு தப்பிவிடாதா?

புதுச்சேரி பக்கம் இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தகட்டோடு நேரிலேயே வருகிறேன்.