சூப்பர்கார்கோ: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கொலின் காம்பெல் நாட்குறிப்பை மொழிபெயர்க்கையில் ‘சூப்பர்கார்கோ’வுக்கு (கப்பலோடு போய்ச் சரக்கை வாங்கி விற்கும் பொறுப்பாளர்) என்ன போடுவது என்ற கேள்விக்கு ‘சரக்கு மேற்பார்வையாளர்’, ‘சரக்கு முகவர்’, ‘கிராணி’, ‘நாய்கன்’ என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. சொல்லைத் தேர்வதற்கு முன் அந்த ஆள் என்ன வேலை பார்த்தார் என்று பார்த்துவிடுவோம்.

காம்பெல் ஸ்காட்லாந்துக்காரர். 1731இல் தொடங்கிய சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். அதன் முதல் கப்பல் 1732இல் சுவீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து சீனாவுக்குக் கிளம்பியபோது முதன்மை சூப்பர்கார்கோ அவர்தான். வழியில் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தில் சுவீடன் பண்டங்களைக் கொடுத்து ஸ்பானிய வெள்ளி வாங்கினார்கள், சீனர்கள் வெள்ளியைத்தான் விரும்பினார்கள் என்பதால். சீனத் துறைமுக நகரமான காண்டன் (இன்றைய குவாங்சோ) போனதும் கப்பலும் கேப்டனும் ஆற்றின் கீழ்ப்பக்கம் வாம்போவாவில் நின்றுவிட, சூப்பர்கார்கோக்கள் நகரத்தில் ஒரு கிடங்கு வீட்டை வாடகைக்குப் பிடித்து மாதக்கணக்கில் பேரம் பேசுவார்கள். தேயிலையா, பட்டா, எவ்வளவு, யாரிடம், என்ன விலைக்கு, இதெல்லாம் சூப்பர்கார்கோவின் முடிவு. ஏற்றும் முறையும் வியாபாரத்தைச் சேர்ந்ததுதான்: பீங்கான் கப்பலின் அடித்தளத்தில், ஈரம் பட்டாலும் கெடாது, கப்பலுக்கும் அடிப்பாரம் ஆகும்; தேயிலை அதன்மேல்.

திரும்பும் வழியில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே டச்சுக் கப்பல்கள் மறித்து இவர்களை ஜாவாவில் டச்சுக்காரர் வசமிருந்த பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கொண்டுபோயின. அங்கே சுவீடன் மன்னர் தந்த தூதர் பத்திரங்களை நீட்டி வாதாடியவரும் காம்பெல்தான். இவரைப் போய் ‘மேற்பார்வையாளர்’ என்றால், மூட்டை எண்ணுகிற ஆள் என்றுதான் வாசகர் நினைப்பார். இன்றைய கப்பல்களில் சூப்பர்கார்கோ என்ற வேலை ஏற்றி இறக்குவதைக் கவனிப்பதாகச் சுருங்கிவிட்டது. அதற்கு வேண்டுமானால் பொருந்தும்.

‘சரக்கு முகவர்’ பொருளில் தவறில்லை. ஆனால் துறைமுகத்தில் சுங்க வேலை முடித்துத் தருகிறவர்களுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. ‘கிராணி’ எனக்குப் பிடித்த சொல். அக்பர் காலத்து ‘ஆயினி அக்பரி’ என்ற நூல் கப்பல் ஆட்களைப் பட்டியலிடும்போது நாகுதா, தண்டல், சாரங்கு என்பவர்களோடு கிராணியையும் சொல்கிறது. மலேசியத் தோட்டங்களில் நம்மவர்கள் நேற்றுவரை புழங்கிய சொல்லும்கூட. ஆனால் கிராணி கணக்கெழுதுபவர். விலை பேச அவருக்கு அதிகாரம் கிடையாது.

‘நாய்கன்’ சிலம்பிலிருந்து வருகிறது. கண்ணகியின் தந்தை மாநாய்கன், கடல் வணிகர். அருமையான சொல்தான், ஆனால் அவர் சொந்தக் கப்பல்காரர். சூப்பர்கார்கோ அடுத்தவர் முதலுக்குப் பொறுப்பேற்றுப் போகிறவர், அதற்குக் கமிஷன் வாங்குகிறவர். தவிர, இன்றைய வாசகர் ‘முதன்மைச் சரக்கு நாய்கன்’ என்று படித்துவிட்டுச் சிரிக்காமல் அடுத்த வரிக்குப் போவாரா?

நான் முன்வைப்பது: சரக்குக் காரியஸ்தர்.

பண்ணையார் ஊரில் இல்லாதபோது நெல்லை விற்று, கூலி கொடுத்து, வழக்குக்கு நின்று, கணக்கு ஒப்படைப்பவர் காரியஸ்தர். முதலாளியின் இடத்தில் நின்று முடிவெடுக்கும் அதிகாரமும், பிறகு அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. ‘சரக்கு’ முன்னால் வருவதால் கப்பலை ஓட்டும் பொறுப்பு அவருடையதல்ல என்பதும் தெளிவாகிவிடுகிறது. ‘கப்பல் காரியஸ்தர்’ என்றால் அந்தக் கோடு அழிந்துவிடும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன். “முதன்மைச் சரக்குக் காரியஸ்தர் காண்டனில் தங்கினார், கேப்டன் வாம்போவாவில் கப்பலோடு இருந்தார்.” உறுத்தவில்லை. இன்னொன்று, நம் பக்கத்துச் செய்தி: 1733இல் இதே கம்பெனியின் இரண்டாவது கப்பல் பரங்கிப்பேட்டைக்கு வந்தது. “சரக்குக் காரியஸ்தர்கள் கரையிறங்கிக் கிடங்கு அமைத்தார்கள்; ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து தாக்கிச் சரக்கைப் பறித்தார்கள்.” இதிலும் உட்காருகிறது.

‘ஸ்தர்’ வடமொழி விகுதி என்று மறுப்பு வரும், தெரியும். அவர்கள் ‘சரக்குக் காரியக்காரர்’ என்று வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. ‘காரியம்’ என்பதே வடசொல்தானே என்று அடுத்த மடல் வந்தால், அப்போது ‘வினை’யோடு ஒரு சொல் கட்டித் தாருங்கள். ‘சரக்கு வினைஞர்’ மட்டும் வேண்டாம். அது சுமை தூக்குபவர் போல ஒலிக்கிறது.

அப்புறம், இவர்கள் கம்பெனிச் சரக்கோடு தங்கள் சொந்த வியாபாரத்துக்கும் கப்பலில் கொஞ்சம் இடம் பெற்றிருந்தார்கள். அந்த உரிமையை இப்போதைக்கு ‘சொந்தச் சரக்குச் சலுகை’ என்று எழுதிவருகிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.