மறு: ஸ்னாட்ச் ஸ்ட்ராப், டோ ஸ்ட்ராப் – இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

மடல் 1 – அபுதாபியிலிருந்து

அன்புடையீர், வணக்கம்.

லிவா மணற்குன்றுகளில் வண்டி ஓட்டப் போகும் நம்மவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ருப் அல் காலிப் பாலைவனத்தின் விளிம்பு அது. குளிர்காலம் வந்துவிட்டால் வார இறுதிதோறும் கூட்டம்தான். மணலில் புதையாத வண்டி கிடையாது என்பதால், புதைந்த வண்டியை வெளியே எடுக்க என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்ற அத்தியாயத்தையே பெரிதாக எழுதியிருக்கிறேன். மண்வாரி, டயரின் காற்றழுத்தம் பார்க்கும் கருவி, காற்றடிக்கும் கம்ப்ரஸர் வரை சிக்கல் இல்லை. இழுக்கும் பொருள்களுக்கு வரும்போதுதான் சொல் இடறுகிறது.

கடையில் இரண்டும் ஒரே மாதிரி சுருட்டி வைத்த பட்டைகள். டோ ஸ்ட்ராப் பாலியெஸ்டரால் ஆனது, அநேகமாக நீளாது, ஓடாத வண்டியைச் சாலையில் மெதுவாக இழுத்துப்போக உதவும். ஸ்னாட்ச் ஸ்ட்ராப் நைலானால் ஆனது. பளு ஏறும்போது தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீளும். 9 மீட்டர்ப் பட்டை ஏறக்குறைய 11 மீட்டர் ஆகிவிடும். இழுக்கும் வண்டி சற்று வேகமெடுத்து நகர, பட்டை நீண்டு, சுருங்கும்போது புதைந்த வண்டியைப் பிடுங்கி வெளியே போடும். அகராதி வழியே போனால் இரண்டுமே 'இழுவைப் பட்டை' ஆகிவிடுகின்றன. அப்படி அச்சிட எனக்குத் துணிவில்லை. வழி சொல்லுங்கள்.

மடல் 2 – கோவையிலிருந்து

ஐயா, 'வெடுக்குப் பட்டை' என்று வையுங்கள். வெடுக்கென்று பிடுங்குவதுதானே அதன் வேலை? கேட்டவுடன் புரியும். அத்தியாயத்தின் தலைப்பு 'வாகன மீட்பு' என்றே இருக்கட்டும். மீட்பு எல்லோருக்கும் தெரிந்த சொல். புதிதாக எதையும் தேட வேண்டாம்.

மடல் 3 – திருச்சியிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம்.

கோவை நண்பரின் 'வெடுக்கு' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பொருளின் இயல்பைச் சொல்லாமல் ஓட்டுநரின் செயலைச் சொல்கிறது. 'வெடுக்குப் பட்டை' என்று படித்தவர், கையில் கிடைத்த எந்தப் பட்டையையும் வெடுக்கென்று இழுக்கலாம் என்று நினைத்துக்கொள்வார். நீளாத பட்டையை அப்படி இழுத்தால் அதிர்ச்சி முழுவதும் ஒரே நொடியில் கொக்கியின் மேல் விழும். பட்டை அறும், அல்லது கொக்கி பிய்த்துக்கொண்டு வரும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 3 டன் எடையுள்ள வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் நகரும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 11,500 ஜூல். அதில் கால்பங்கு மட்டும் 2 கிலோ இரும்புத் துண்டு ஒன்றிடம் போய்ச் சேர்ந்தால், அது மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும். ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் மாட்டும் டோ பால் குமிழில் பட்டையைக் கட்டி இழுத்து, குமிழ் ஒடிந்து பறந்து ஆள் இறந்ததுண்டு. அந்தக் குமிழ் இந்த வேலைக்குச் செய்யப்பட்டதே அல்ல. ஆகவே இங்கே சொல்லைத் தேர்வது இலக்கணப் பொழுதுபோக்கு அன்று.

அபுதாபி நண்பர் 'நீளும்' என்ற இயல்பை முன்வைத்தது சரி. ஆனால் 'நீள்பட்டை' என்றால் நீளமான பட்டை என்றுதான் படிப்பார்கள். நீள்சதுரம், நீள்வட்டம் பழகிய கண் அது. 'விசைப்பட்டை' என்றால் விசைத்தறி, விசைப்படகு வரிசையில் சேர்ந்து, இன்ஜினுக்குள் ஓடும் பெல்ட் ஆகிவிடும். 'மீள்பட்டை' இவற்றைவிடத் தேவலாம். ஆனால் மீள்பதிவு, மீள்பார்வை என்று எல்லாவற்றுக்கும் முன்னால் 'மீள்' ஒட்டிக்கொண்டிருக்கிற காலத்தில், மறுபடியும் கட்டிய பட்டையோ என்று தோன்றும். தவிர, காற்று இரைகிற பாலையில் வாக்கி டாக்கியில் "பட்டையை எடுத்து வா" என்றால் எந்தப் பட்டை?

நம் சிக்கலே ஆங்கிலத்தைப் பின்பற்றி எல்லாவற்றையும் 'பட்டை' ஆக்கி, முன்னால் ஓர் அடைமொழி சேர்ப்பதில்தான் இருக்கிறது. கட்டவும் இழுக்கவும் தமிழில் எத்தனை பெயர்கள்: கயிறு, வடம், வார், நாண், தாம்பு, புரி, நாடா. ஒவ்வொரு பொருளுக்கும் தலைச்சொல்லையே வேறாக வைத்துவிட்டால், அடைமொழி காதில் விழாமல் போனாலும் ஆபத்தில்லை.

டோ ஸ்ட்ராப்: இழுவடம். தேர் வடத்தை யாரும் வெடுக்கென்று இழுப்பதில்லை. சீராக, எல்லோரும் சேர்ந்து இழுக்கிறோம். வடம் என்ற சொல்லுக்குள்ளேயே அந்த நிதானம் இருக்கிறது.

மரத்தைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டை: அணைவார். வின்ச் (கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் பொறி) கம்பியை நேரே மரத்தில் சுற்றினால் மரத்தின் தோல் உரிந்து மரம் பட்டுப்போகும். அதைத் தடுக்கவே இது. லிவாவில் மரத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். கையேடு ஹத்தா மலைப்பக்கம் போகிறவர் கையிலும் கிடைக்கும்.

ஸ்னாட்ச் ஸ்ட்ராப்: மீள்நாண். வில்லின் நாணை இழுத்துப் பிடித்திருக்கும்போது எதிரே யாரும் நிற்பதில்லை. ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது. 'மீள்' இங்கே 'மறு' என்று குழப்பாது. 'மறு நாண்' என்று ஒன்று இல்லையே. மீட்சி என்று இயற்பியல் பாடத்தில் படித்ததும் இதுவேதான். பள்ளியில் வட்டம் படித்த எவருக்கும் நாண் புதிய சொல்லன்று. ஓட்டல்காரர்கள் பரிமாறும் நானுக்கு றன்னகரமோ டண்ணகரமோ, அது அவர்கள் பாடு.

வின்சை மொழிபெயர்க்க வேண்டாம். பழனிக்குப் போகிறவர்கள் எல்லோரும் 'வின்ச்சில் ஏறினோம்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களைத் திருத்த நான் தயாரில்லை.

இனித் தலைப்பு. 'வாகன மீட்பு' என்றால் நாளிதழ் வாசகர், திருடுபோன வண்டியைப் போலீசார் கண்டுபிடித்தார்கள் என்றே எடுத்துக்கொள்வார். கரையேற்றம் என்று வையுங்கள். கடனிலிருந்தும் நோயிலிருந்தும் ஆளைக் கரையேற்றுகிறோம். மணலிலிருந்து வண்டியைக் கரையேற்றக் கூடாதா? கடலூர் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் அங்கே கரை சேர்ந்தார் என்பது மரபு. சேற்றில் இறங்கிய டிராக்டருக்கும் மணலில் இறங்கிய ஜீப்புக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

மடல் 4 – யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். வடம் எங்களுக்கு நன்கு பழகிய சொல். ஆனால் முதலில் மின்வடம்தான் நினைவுக்கு வரும். 'இழு' முன்னால் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம்.

பட்டையை வண்டியில் மாட்டும் ஷேக்கிளை விட்டுவிட்டீர்கள். அகராதியைத் திறந்தால் 'விலங்கு' என்று கைதிக்குப் பூட்டுவதைக் காட்டும். நாங்கள் எதையும் எதிலாவது மாட்டுவதைக் 'கொளுவுதல்' என்போம். மாட்டும் பொருள் கொளுவி. இரும்பில் செய்தது இரும்புக் கொளுவி, இழையால் பின்னிய புதுவகை இழைக்கொளுவி. இரண்டு மீள்நாண்களை நடுவில் இரும்புக் கொளுவியால் இணைக்கக் கூடாது என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள், ஐயா. ஒன்று அறுந்தால் அந்த இரும்பு குண்டாகப் பறக்கும். ஒன்றின் முனையில் மடித்துத் தைத்த கண்ணுக்குள் மற்றதைக் கோத்து இணைக்கிற முறை இருக்கிறது.

மடல் 5 – கோவையிலிருந்து

வெடுக்கைத் திரும்பப் பெறவில்லை. அறுபது வயதில் நாண் என்று கூப்பிட எனக்கே நாணமாக இருக்கிறது. இருந்தாலும் தலைச்சொல்லை மாற்றும் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கரையேற்றம் மிக நன்று. ஆனால் 'வண்டிக் கரையேற்றம்' என்று சேர்த்தே எழுதுங்கள். வெறுமனே விட்டால் பக்திப் பதிப்பகத்தின் நூல் என்று நினைத்து வாங்கிவிடுவார்கள்.

மடல் 6 – அபுதாபியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. இழுவடம், மீள்நாண், அணைவார், கொளுவி, வண்டிக் கரையேற்றம் ஆகிய ஐந்தையும் எடுத்துக்கொள்கிறேன். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் கடைக்காரர் சொல்லும் பெயரையும் தமிழ் எழுத்தில் அருகே தருவேன். இல்லையென்றால் வாங்கப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். திருத்திய பத்தி இது:

"மீள்நாண் வாங்கும்போது அதன் அறுபடு பளுவைப் பாருங்கள். இரண்டு வண்டிகளில் இலேசானது எதுவோ, அதன் மொத்த எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். அந்த வண்டி 3,000 கிலோ என்றால் 6,000 முதல் 9,000 கிலோ வரை. அதற்குக் குறைந்தால் அறும். மிகவும் கூடினால் நீளாமல் இழுவடம்போல் நடந்துகொள்ளும். இழுப்பதற்குமுன் டயர்க் காற்றை இன்னும் இறக்குங்கள். சக்கரத்தின் முன்னும் வண்டியின் அடியிலும் மணலைத் தோண்டுங்கள். பாதி நேரம் நாணே தேவைப்படாது. இழுக்கும்போது நாணின் நடுவில் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். ஓட்டுநர்கள் தவிர எல்லோரும் நாணின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு அப்பால், பக்கவாட்டில் நிற்க வேண்டும்."

இன்னும் ஒன்று தீரவில்லை. வண்டிக்கு அடியில் இரண்டு வகை வளையங்கள் இருக்கும். ஒன்று, கப்பலில் ஏற்றும்போது வண்டி அசையாமல் கட்டிவைக்க, மெல்லியது. மற்றது, இழுப்பதற்கென்றே வண்டியின் அடிச்சட்டத்தில் (சேஸிஸில்) போல்ட் போட்டுப் பொருத்தியது. முதலாவதைக் 'கட்டுவளையம்' என்று குறித்துவிட்டேன். இரண்டாவதை 'இழுவளையம்' என்றால், திருச்சி ஐயா சொன்ன அதே குழப்பம் மறுபடியும் வந்துவிடும், இரண்டுமே வளையம். வளையம் வராத சொல் ஒன்று வேண்டும். கையேடு அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.